எட்வர்ட் கிளைவ் பிரபுவின் குடும்பமும் வழிமரபும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்வர்ட் கிளைவ் என்பவர் யார்? பிளாசிப் போரில் வென்ற கிளைவ் இவர்தானா?

இல்லை. பிளாசியில் வென்றவர் ராபர்ட் கிளைவ். எட்வர்ட் அவருடைய மூத்த மகன். 1754 மார்ச் 7 அன்று இலண்டனில் பிறந்த இவர், 1798 முதல் 1803 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். 1804-இல் போவிஸ் ஏர்ல் என்னும் உயர் பிரபுப் பட்டம் பெற்று, 1839 மே 16 அன்று, 85 வயதில் காலமானார். தந்தைக்கும் மகனுக்கும் 'கிளைவ் பிரபு' என்ற ஒரே விளிப்பு வழங்கியதால், சென்னை வரலாற்றைப் படிப்பவர்கள் இருவரையும் ஒருவராகக் கருதிவிடுவது உண்டு. ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையில் பெயர் பெற்றவர் தந்தை. திப்பு சுல்தான் வீழ்ந்தபோது சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் மகன்.

இவருடைய பெற்றோரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ராபர்ட் கிளைவ், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் மார்க்கெட் டிரேட்டன் நகருக்கு அருகிலுள்ள ஸ்டைச் என்னும் இடத்தில் 1725-இல் பிறந்தவர். பதின்மூன்று குழந்தைகளில் மூத்தவரான அவர், 1744-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். எட்வர்டின் தாயார் மார்கரெட் மாஸ்கலின். அவருடைய சகோதரர் எட்மண்ட், சென்னையில் ராபர்ட்டின் நெருங்கிய நண்பர். அந்தப் பழக்கத்தின் வழியாகவே திருமணம் கூடிவந்தது. 1753 பிப்ரவரி 18 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அடுத்த சில வாரங்களிலேயே தம்பதியர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். மறு ஆண்டு எட்வர்ட் பிறந்தார்.

மார்கரெட்டின் இன்னொரு சகோதரர் நெவில் மாஸ்கலின், 1765 முதல் இங்கிலாந்து அரச வானியலாளராக விளங்கியவர். ஆகவே எட்வர்டுக்குத் தந்தை வழியில் வாளும் செல்வமும், தாய்வழியில் கல்வியும் வந்தன என்று சொல்லலாம். ஆனால் அவர் வளர்ந்த விதம் அவ்வளவு நிறைவானதன்று. 1755-இல் பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது கைக்குழந்தையான அவரை உறவினர் பொறுப்பில் விட்டுச் சென்றனர்; 1760-இல் அவர்கள் திரும்பி வந்தபோது அவருக்கு ஆறு வயது. கடல் கடந்து பொருள் தேடிய ஆங்கிலேயக் குடும்பங்களில் இது வழக்கமான செயல்தான் என்றாலும், பிற்காலத்தில் எட்வர்ட் தாமும் தம் மகன்களுக்கு இதையே செய்தார் என்பது கவனிக்கத்தக்கது.

கிளைவ் குடும்பம் பரம்பரைப் பிரபுக் குடும்பமா?

அன்று. ஸ்டைச்சில் நெடுங்காலம் நிலம் வைத்திருந்த, ஆனால் கையில் பணம் குறைந்த நடுத்தர நிலவுடைமைக் குடும்பம் அது. பிரபுத்துவம் ராபர்ட்டின் காலத்தில், இந்தியப் பணத்தின் பின்னால் வந்தது. வங்காள நவாப் மீர் ஜாபர் அவருக்கு அளித்த ஜாகிர் (நிலவருவாய் உரிமை) மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன் வருமானம் தந்தது. அந்தச் செல்வத்தைக் கொண்டு ஷ்ராப்ஷயரில் வால்காட், ஓக்லி பார்க் ஆகிய எஸ்டேட்டுகளையும், சர்ரே மாவட்டத்தில் கிளேர்மாண்ட் மாளிகையையும் அவர் வாங்கினார். பரம்பரைக் குடும்பங்கள் இத்தகைய புதுப் பணக்காரர்களை 'நபாப்' என்று எள்ளி நகையாடின. 'நவாப்' என்ற நம் நாட்டுப் பட்டத்தின் திரிபே அது.

ராபர்ட் கிளைவ் பெற்றது அயர்லாந்துப் பட்டம் என்கிறார்களே, அதனால் என்ன வேறுபாடு?

1762-இல் அவருக்குக் கிடைத்தது 'பிளாசியின் பாரன் கிளைவ்' என்னும் அயர்லாந்துப் பட்டம். பெயரில் பிரபு ஆகலாம். ஆனால் இலண்டனில் பிரபுக்கள் சபையில் இருக்கை கிடையாது. அதற்கு மாறாக, பொதுமக்கள் சபைக்குப் போட்டியிடும் உரிமை கெடாது. தந்தை ஷ்ரூஸ்பரி தொகுதியிலும், மகன் எட்வர்ட் 1774 முதல் 1794 வரை லட்லோ தொகுதியிலும் உறுப்பினராக இருந்தது இதனால்தான். எட்வர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபதுதான். சட்டப்படி இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டும், ஆனால் குடும்பச் செல்வாக்கு நிலைத்த தொகுதிகளில் அந்தக் காலத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அதே ஆண்டு நவம்பர் 22 அன்று தந்தை இறக்கவே, பட்டமும் எஸ்டேட்டுகளும் இந்த இளைஞரிடம் வந்து சேர்ந்தன. 1794-இல் 'வால்காட்டின் பாரன் கிளைவ்' என்ற பிரிட்டானியப் பட்டம் கிடைத்த பிறகே அவர் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்தார்.

அவருடைய மனைவி யார்? அவர் எந்தக் குலத்தைச் சேர்ந்தவர்?

1784-இல் எட்வர்ட் மணந்தது ஹென்ரியட்டா அன்டோனியா ஹெர்பர்ட் சீமாட்டியை. இவருடைய வழிமரபுதான் இக்குடும்பக் கதையில் சுவை மிகுந்த பகுதி. எனவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வேல்ஸ் எல்லையில், வெல்ஷ்பூல் ஊருக்கு மேலே செந்நிறக் கல்லால் எழுந்து நிற்கும் போவிஸ் கோட்டையை, முதலாம் பெம்புரோக் ஏர்லின் இரண்டாம் மகனான சர் எட்வர்ட் ஹெர்பர்ட் 1587-இல் வாங்கினார். அவருடைய சந்ததியினர் கத்தோலிக்கர்கள்; ஸ்டூவர்ட் மன்னர்களுக்கு உண்மையாக நின்றவர்கள். அவர்களுள் வில்லியம் ஹெர்பர்ட் 1674-இல் ஏர்லாகவும், 1687-இல் அதற்கும் மேலான மார்க்விஸாகவும் உயர்த்தப்பட்டார். மறு ஆண்டே இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்து பிரான்சுக்கு ஓடியபோது, அவரும் மனைவியும் உடன் சென்றனர். குழந்தை இளவரசரை வளர்க்கும் பொறுப்பு அந்த அம்மையாரிடம்தான் இருந்தது. மார்க்விஸ் 1696-இல் நாடு திரும்பாமலேயே மறைந்தார். அவருடைய மகள் வினிபிரெட், நித்ஸ்டேல் ஏர்லின் மனைவி. 1716-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு இலண்டன் டவர் சிறையில் கிடந்த தம் கணவருக்குப் பெண்ணுடை அணிவித்து, தண்டனைக்கு முந்தைய நாள் மாலையில் காவலர் கண்முன்னே வெளியே அழைத்துச் சென்றவர் இவரே. ஹென்ரியட்டாவுக்கு இந்த வினிபிரெட் கொள்ளுத்தாத்தாவின் சகோதரி.

மூன்றாம் மார்க்விஸ் மணமாகாமல் 1748-இல் இறந்தபோது சொத்து முழுவதையும் உயில் மூலம் ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட்டுக்கு விட்டுச் சென்றார்; இவர் அதே ஹெர்பர்ட் குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட். போவிஸ் ஏர்ல் பட்டம் அந்த ஆண்டே இவருக்காகப் புதிதாக உருவாக்கப்பட்டது. சொத்து கைக்கு வந்தது; ஆனால் நேரடி இரத்த உறவு இல்லை. அந்தக் குறையை 1751-இல் திருமணத்தால் தீர்த்துக்கொண்டார். மணமகள் பார்பரா, இறந்த மார்க்விஸின் தம்பி மகள். மணமகனைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இளையவரான அவர், அப்போது பதின்பருவத்தைக்கூடக் கடக்கவில்லை. இந்தத் தம்பதியருக்கு ஜார்ஜ் என்ற மகனும், 1758-இல் ஹென்ரியட்டா என்ற மகளும் பிறந்தனர். ஹென்ரியட்டா பிறந்த வீடு ஓக்லி பார்க். பின்னர் அவருடைய தந்தை அதை ராபர்ட் கிளைவுக்கே விற்றுவிட்டார்.

எனில், எட்வர்ட்-ஹென்ரியட்டா திருமணம் சொத்துக்காக நடந்ததா?

பெரும்பாலும் அப்படித்தான் என்பது என் கணிப்பு. ஹெர்பர்ட்டுகளிடம் பழம்பெருமையும் கோட்டையும் இருந்தன. கூடவே கடனும் இருந்தது. கிளைவிடம் பணம் இருந்தது. ஆனால் மூன்று தலைமுறைக்கு முன் போனால் சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு குடும்பங்களும் ஷ்ராப்ஷயரின் அரசியலில் அருகருகே இயங்கியவை; நிலங்களும் ஒட்டியே இருந்தன. ஹென்ரியட்டாவின் சகோதரர் ஜார்ஜ் மணம் செய்துகொள்ளாமலே காலம் கழித்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் திருமணத்தின் பின்னாலிருந்த கணக்கு விளங்கும்.

அதற்காக இருவரும் அன்பின்றி வாழ்ந்தனர் என்று கொள்ளக் கூடாது. ஹென்ரியட்டா கணவருக்கும் சகோதரருக்கும் எழுதிய கடிதங்களில் துடிப்பும் கேலியும் நிறைந்திருக்கின்றன. எட்வர்ட் பேச்சில் ஒதுங்கியவர். தோட்ட வேலையில் ஆழ்ந்த பற்றுடையவர். எண்பது வயதை நெருங்கிய பின்னும் காலை ஆறு மணிக்குச் சட்டையோடு மண்வெட்டி பிடித்துத் தோட்டத்தில் கொத்திக்கொண்டிருப்பார் என்று அவரை அறிந்தவர்கள் பதிவு செய்துள்ளனர்.

அவர்களுக்கு எத்தனை குழந்தைகள்?

நால்வர். மூத்தவர் எட்வர்ட் (1785), அடுத்து ஹென்ரியட்டா (1786), அதன்பின் சார்லட் புளோரென்ஷியா (1787), கடைசியாக ராபர்ட் ஹென்றி (1789). பெற்றோர் இத்தாலியில் தங்கியிருந்த காலத்தில் புளோரன்ஸ் நகரில் பிறந்ததால் மூன்றாமவருக்கு அந்தப் பெயர் அமைந்தது.

இக்குடும்பம் சென்னையில் எப்படி வாழ்ந்தது?

1798-இல் எட்வர்ட் ஆளுநர் பொறுப்பேற்கக் கப்பலேறியபோது மனைவியும் இரு மகள்களும் உடன் வந்தனர்; மகன்கள் இருவரும் படிப்பிற்காக இங்கிலாந்திலேயே விடப்பட்டனர். பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அன்னா டொனெல்லி என்ற இத்தாலிய ஓவியரும் உடன் வந்தார். ஹென்ரியட்டா இங்கே செடிகளையும் கற்களையும் சிப்பிகளையும் திரட்டினார். பாரசீக மொழி கற்றார். இசைக் கருவிகளையும் கடல் கடந்து கொண்டுவந்திருந்தார்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில், ஆளுநர் சென்னையிலேயே அலுவல்களைக் கவனிக்க, ஹென்ரியட்டாவும் மகள்களும் டொனெல்லியும் பரிவாரத்தோடு தென்னிந்தியப் பயணம் புறப்பட்டனர். யானைகளும் பல்லக்குகளும் மாட்டு வண்டிகளும் சிப்பாய்களுமாக வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டினம் சென்று, தெற்கே திரும்பித் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வழியாகச் சென்னை திரும்ப அவர்களுக்கு ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆயின. ஓர் ஆங்கிலேயப் பெண், கணவர் துணையின்றி, தானே தலைமை தாங்கி இவ்வளவு தொலைவு சென்றது அக்காலத்தில் அரிது. பன்னிரண்டு வயதுச் சார்லட் வழிநெடுக நாட்குறிப்பு எழுதினார். போர் ஓய்ந்து ஓராண்டுகூட ஆகாத நிலம் அது. எனவே அந்தக் குறிப்புகளையும் தாயின் கடிதங்களையும் வெறும் குடும்ப ஆவணமாக மட்டும் படிக்க முடியாது.

ஹென்ரியட்டாவும் மகள்களும் 1801-இல் தாயகம் திரும்பினர். எட்வர்ட் 1803 வரை இங்கேயே இருந்தார்.

அவர் ஆளுநராக இருந்த காலத்தில் தமிழகத்தில் என்ன நடந்தது?

மிகக் கொடிய நிகழ்வுகள் சில அந்த ஐந்தாண்டுகளில்தான் நடந்தன. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்; அதே மாதம் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் நாட்டின் ஆட்சியைக் கம்பெனிக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனி வசமாயிற்று. அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திட்டங்களின் சூத்திரதாரி தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிதான் என்பது பொதுவான கருத்து. ஆயினும் சென்னையில் அவற்றை நடத்திய நிர்வாகத்தின் தலைவர் எட்வர்ட்.

சென்னையில் அவர் விட்டுச் சென்ற கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. பிளாசி வெற்றியையும் ஸ்ரீரங்கப்பட்டின வெற்றியையும் நினைவுகூர அவர் எழுப்பிய விருந்து மண்டபமே இன்றைய ராஜாஜி ஹால். அதாவது, தந்தையின் வெற்றியையும் தம் காலத்து வெற்றியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். அதை வடிவமைத்த ஜான் கோல்டிங்ஹாம் தொழிலால் கட்டடக் கலைஞர் அல்லர், சென்னை வானாய்வு மையத்தின் வானியலாளர் என்பது, எட்வர்டின் தாய்மாமன் யார் என்பதை நினைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கையான பொருத்தம். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது இந்த மண்டபத்தில்தான்.

1804-இல் ஏர்ல் பட்டம் கிடைத்ததற்கு ஆளுநர் பணியா காரணம்?

பணியும் ஒரு காரணம். பெரிய காரணம் மைத்துனரின் மறைவு. ஜார்ஜ் ஹெர்பர்ட் 1801-இல் வாரிசின்றி இறந்தார். அவரோடு போவிஸ் ஏர்ல் பட்டமும் இரண்டாம் முறையாக அற்றுப்போயிற்று. பெண்வழியே அந்தப் பட்டம் இறங்காது என்பதால் ஹென்ரியட்டாவுக்கு அது வரவில்லை. ஆகவே அரசு 1804 மே மாதத்தில் அதே பெயரில் மூன்றாவது முறையாக ஒரு புதிய பட்டத்தை உருவாக்கி, அதை அவருடைய கணவருக்கு வழங்கியது. எண்ணிக்கையில் எட்வர்ட் மறுபடியும் 'முதலாம்' போவிஸ் ஏர்ல் ஆனதன் காரணம் இதுதான். நூல்களில் முதலாம் போவிஸ் ஏர்ல் என்று மூன்று வெவ்வேறு மனிதர்கள் வருவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. ஆண்டைப் பார்த்தால் போதும்.

மகன் ஏன் கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார்?

ஜார்ஜ் ஹெர்பர்ட் பட்டத்தை யாருக்கும் உயிலில் எழுதிவைக்க முடியாது; ஆனால் நிலத்தை எழுதிவைக்கலாம். அதைத் தம் மருமகனும் ஹென்ரியட்டாவின் மூத்த மகனுமான எட்வர்டுக்கு விட்டார், ஹெர்பர்ட் என்ற குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1807-இல் அரச அனுமதி பெற்று அந்த இளைஞர் பெயரை மாற்றிக்கொண்டார். தாய்மாமனின் கோட்டையும் பெயரும், தந்தைவழிப் பாட்டனாரின் பணமும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. நெடுங்காலம் பழுது பார்க்கப்படாதிருந்த போவிஸ் கோட்டை, 1815-க்குப் பின் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மர்க்கின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டது.

வங்காளத்திலும் கருநாடகத்திலும் (ஆற்காட்டு நவாபின் நாடு) திரட்டிய செல்வத்தால் உயர்ந்த கிளைவ் என்னும் பெயர், மூத்த கிளையில் இரண்டே தலைமுறையில் மறைந்துபோயிற்று. ஏர்லின் மூத்த மகனுக்கு மரியாதைப் பட்டமாக வழங்கும் 'வைகவுண்ட் கிளைவ்' என்பதில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சார்லட், விக்டோரியா மகாராணிக்குக் கல்வி கற்பித்தவர் என்பது உண்மையா?

உண்மை. 1817-இல் அவர் ஹியூ பெர்சியை மணந்தார். கணவர் மூன்றாம் நார்தம்பர்லாந்து டியூக் ஆனபோது அவர் சீமாட்டிகளுள் முதல் வரிசைக்கு உயர்ந்தார். 1831-இல் இளவரசி விக்டோரியாவின் கவர்னஸாக நியமிக்கப்பட்டார். அன்றாடப் பாடங்களை வேறு ஆசிரியர்கள் கவனித்தனர். சார்லட்டின் பொறுப்பு அரசவை நடத்தையையும் சடங்குகளையும் பற்றியது. இளவரசியின் தாயும், தாயின் செயலர் ஜான் கான்ராயும் சிறுமியைத் தங்கள் பிடியில் வைத்திருக்க விரும்பியதால் சார்லட்டோடு அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. 1837-இல் அவர் விலக்கப்பட்டார். நாடிழந்த மன்னரின் மகனை வளர்த்த போவிஸ் சீமாட்டியின் கொள்ளுப்பேத்திக்குப் பேத்தி, நாடாள இருந்த இளவரசிக்குக் கவர்னஸ் ஆனார் என்பதைக் குடும்ப மரம் வரைபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தோட்டக்காரர்கள் அவரை வேறு வகையில் அறிவார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பூச்செடி இலண்டனை அடுத்த சயன் மாளிகையில், அவருடைய பராமரிப்பில் மலர்ந்தது. 1828-இல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி அதற்குக் கிளைவியா என்று பெயரிட்டார். ஆக, உலகெங்கும் பூந்தொட்டிகளில் வாழும் கிளைவ் பெயர் பேத்தியால் வந்தது, பாட்டனாரால் அன்று. சார்லட்டுக்குக் குழந்தைகள் இல்லை, 1866-இல் மறைந்தார்.

மற்ற இரு பிள்ளைகள்?

மூத்த மகள் ஹென்ரியட்டா, வடவேல்ஸில் பெரும் நிலவுடைமையாளரான ஐந்தாம் பாரனெட் சர் வாட்கின் வில்லியம்ஸ்-வின்னைத் தங்கை மணந்த அதே 1817-இல் மணந்தார். இளைய மகன் ராபர்ட் ஹென்றி, கிளைவ் பெயரையே வைத்துக்கொண்டார்; அவர் மனைவி ஹேரியட் தம் சொந்த உரிமையில் பாரனஸ் வின்ட்சர். அந்தக் கிளையினர் வின்ட்சர்-கிளைவ் என்று வழங்கினர். அவர்களுடைய பேரன் 1905-இல் பிளிமத் ஏர்ல் ஆனார்.

இரண்டாம் ஏர்ல் சொந்த மகனால் சுடப்பட்டார் என்கிறார்களே?

விபத்துதான். ஹெர்பர்ட் பெயரை ஏற்ற மூத்த மகன் எட்வர்டே இந்த இரண்டாம் ஏர்ல். 1848 ஜனவரியில் பெசன்ட் பறவை வேட்டையின்போது மகன்களுள் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாகப் பட்டு, சில நாள்களில் அவர் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் பதவிக்குப் போட்டியிட்டு, விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டிடம் தோற்றவர் இவர். அந்தப் பதவி காலியானதே சார்லட்டின் கணவர் இறந்ததால்தான். மைத்துனர் விட்ட இடத்துக்கு இவர் முயன்றார்.

இன்று பட்டம் யாரிடம் இருக்கிறது? நேர்வழியில்தான் வந்ததா?

நேர்வழி பலமுறை முறிந்தது. மூன்றாம் ஏர்ல் மணமாகாமல் 1891-இல் இறக்க, தம்பி மகன் ஜார்ஜ் நான்காம் ஏர்ல் ஆனார். அவருடைய மனைவி வயலெட் போவிஸ் தோட்டத்தை இன்றுள்ள அழகுக்குக் கொண்டுவந்தவர். 1929-இல் கார் விபத்தில் ஏற்பட்ட காயங்களால் மறைந்தார். மூத்த மகன் பெர்சி முதல் உலகப்போரில், சோம் களத்தில் பட்ட காயத்தால் 1916-இல் இறந்தார். இளைய மகன் மெர்வின் இரண்டாம் உலகப்போரின்போது 1943-இல் விமான விபத்தில் மாண்டார். இரு மகன்களையும் இழந்த தந்தை 1952 வரை, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார். பட்டம் அதன்பின் இரண்டாம் ஏர்லின் இளைய மகன்கள்வழி வந்த கிளைகளுக்குப் போயிற்று. 1952-இல் பிறந்த ஜான் ஜார்ஜ் ஹெர்பர்ட் எட்டாம் ஏர்ல்.

மெர்வினுக்கு மகள் இருந்தும் ஏர்ல் பட்டம் ஏன் அவருக்குப் போகவில்லை?

ஏர்ல் பட்டம் ஆண்வழிக்கு மட்டுமே உரியது. ஆனால் மெர்வின் தம் தாய் வயலெட்டிடமிருந்து டார்சி டி நெய்த் என்னும் பழமையான பாரன் பட்டத்தையும் பெற்றிருந்தார். அது மகன் இல்லாதபோது மகளுக்கு இறங்கக்கூடியது. ஆகவே 1943-இல் ஐந்து வயதுகூட நிரம்பாத டவீனா அதற்கு உரியவரானார். 1964-இல் கணவரைப் பறித்த கார் விபத்தில் அவரும் நடக்கும் ஆற்றலை இழந்தார். அதற்குப் பிறகு பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்றார், பிரபுக்கள் சபையில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பல ஆண்டுகள் பேசினார். 2008-இல் காலமானார். முதலாம் போவிஸ் ஏர்ல் எட்வர்ட் கிளைவின் வழித்தோன்றல்களுள், பட்டத்தால் அல்லாமல் செயலால் நினைக்கப்பட வேண்டியவர்களைக் கேட்டால் நான் இவரைத்தான் முதலில் சொல்வேன்.

கோட்டையும், இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற பொருள்களும் இப்போது யார் வசம்?

நான்காம் ஏர்ல் தம் மறைவின்போது போவிஸ் கோட்டையை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். திப்பு சுல்தானின் அரியணையை அழகுசெய்த புலித்தலைகளுள் ஒன்று, பூ வேலைப்பாடு கொண்ட அவருடைய துணிக் கூடாரம் முதலியன அங்கே கிளைவ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. தந்தை, மகன், மருமகள் மூவருமே அந்தத் தொகுப்புக்குப் பொருள் சேர்த்தவர்கள். அவற்றுள் எது விலைக்கு வாங்கியது, எது பரிசு, எது போர்க் கொள்ளை என்ற விவாதம் பிரிட்டனில் இப்போது வெளிப்படையாகவே நடந்துவருகிறது. அந்தப் புலித்தலையைப் பொறுத்தவரை விடை ஐயத்துக்கு இடமில்லாதது. 1799 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டின அரண்மனைக்குள் நுழைந்த படையினர் அரியணையை உடைத்துப் பங்கிட்டபோது பிரிந்த துண்டு அது.